ஏட்டைக் கலைக்காதீர்கள்

ஆசிரியருக்கு,

பழைய அலுமினியம் உருக்கும் சிறு பட்டறைகள் பலவற்றில், உருகிய உலோகத்தின் மேலே பாலாடை போல ஏடு கட்டக் கட்ட வழித்து எறிந்துகொண்டே இருக்கிறார்கள். அழுக்கு போகிறது என்று நினைப்பு. போவது உலோகம்தான். வழித்த இடம் ஒரு நொடி பளிச்சென்று மின்னும். உடனே மங்கி மறுபடி ஏடு கட்டும். அத்தனையும் நல்ல அலுமினியம் எரிந்து உண்டானது. கரண்டியில் வழித்து வரும் கூழான கசட்டில் பாதிக்கு மேல் உலோகமே இருப்பதும் உண்டு. கீழே உள்ளதைக் காற்றிலிருந்து காப்பாற்றும் மூடி அந்த ஏடுதான். ஊற்றும் நேரம் வரை அதைத் தொடக்கூடாது.

அலுமினியம் 660 டிகிரி செல்சியஸில் உருகும். மேலே கட்டும் ஏடு அதன் ஆக்சைடு, அதாவது காற்றிலுள்ள ஆக்சிஜனோடு அது சேர்ந்து உண்டானது. அது உருக 2,000 டிகிரிக்கு மேல் வேண்டும். ஆகவே தீயைக் கூட்டி ஏட்டைக் கரைக்க முடியாது. குளிர்பான டின்களை வெறும் மூசையில் (உலோகம் உருக்கும் பாத்திரத்தில்) போட்டுக் காய்ச்சினால், ஒவ்வொரு துண்டும் தன் ஆக்சைடுப் பைக்குள்ளேயே உருகி, மணிமணியாக நின்றுவிடும், ஒன்றோடொன்று சேராது. முதலில் பிஸ்டன், கியர் கவர் போன்ற கனத்த துண்டுகளை உருக்கி, கால் மூசைக்குக் குழம்பு கட்டுங்கள். பிறகு டின் தகட்டை நசுக்கி, உலை விளிம்பில் வைத்து ஈரம் போகக் காய்ச்சி, அந்தக் குழம்புக்குள் அமுக்குங்கள். ஈரம் ஒட்டியிருந்தால் குழம்பு வெடித்து முகத்தில் தெறிக்கும்.

கசட்டிலிருந்து உலோகத்தைப் பிரிக்க, 10 கிலோ அலுமினியத்துக்கு 100 முதல் 200 கிராம் உப்புக் கலவை போதும்: சமையல் உப்பும் பொட்டாசியம் குளோரைடும் சம எடை. தனித்தனியே இவை முறையே 801, 770 டிகிரியில்தான் உருகும். கலந்தால் ஏறக்குறைய 660லேயே உருகிவிடும். இரண்டையும் நன்றாக வறுத்து ஈரம் போக்கிய பிறகே போட வேண்டும். ஊற்றுவதற்குச் சற்று முன் தூவி, உருகியதும் மேல் ஏட்டோடு மட்டும் மெதுவாகத் தேய்த்தால், கூழாக இருந்த கசடு பொடியாக உதிரும். அப்போது ஒரே முறை வழித்தால் போதும்.

ஊற்றும்போது மூசை வாயை அச்சின் வாய்க்கு மிக அருகில் பிடியுங்கள். உயரத்திலிருந்து விழுந்தால் ஏடு மடிந்து உள்ளே போகும். ஆக்சைடு உருகிய அலுமினியத்தைவிடக் கனமானது. மேலே வந்து சேராது. அந்த மடிப்புதான் பின்னால் விரிசலாகத் தெரிகிறது.

சூடான கசட்டில் தண்ணீர் ஊற்றவே கூடாது. அமோனியாவும் ஹைட்ரஜனும் கிளம்பும். காய்ந்த இரும்புத் தட்டில் பரப்பி, தானாக ஆறவிடுங்கள்.

இப்படிக்கு,
வார்ப்புப் பட்டறைத் தொழிலாளர்கள்,
கோயம்புத்தூர்