யாம்புக்குவின் ஐந்து சிரிஞ்சுகள்

ஆசிரியருக்கு வணக்கம்.

எபோலா வைரஸ் பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் ஆய்வகத்தில் கண்டுபிடிக்கப்பட்டது என்றே பெரும்பாலும் எழுதப்படுகிறது. பாதிதான் சரி. அந்த வைரஸ் இருந்த நோயாளியின் ரத்தம் ஆன்ட்வெர்ப் போய்ச் சேரக் காரணமானவர் காங்கோவின் மருத்துவர் ழான்-ழாக் முயெம்பே.

வைராலஜியில் (வைரஸ்களைப் பற்றிய படிப்பு) முனைவர் பட்டம் பெற்றுத் தாய்நாடு திரும்பியிருந்த அவர், 1976-ல் மர்மக் காய்ச்சல் பரவிய யாம்புக்கு என்ற காங்கோ கிராமத்தின் மிஷன் ஆஸ்பத்திரிக்குப் போனார். டைபாய்டாக இருக்கலாம் என்ற எண்ணம். கையில் கையுறை இல்லை. நோயாளியிடமிருந்து ஊசியை உருவிய பிறகும் ரத்தம் நிற்காமல் அவர் விரல்களில் வழிந்தது. சோப்பும் தண்ணீரும்தான் பாதுகாப்பு. காய்ச்சலில் இருந்த பெல்ஜியக் கன்னியாஸ்திரீ ஒருவரைத் தலைநகர் கின்ஷாசாவுக்கு அழைத்து வந்தார். அவருடைய ரத்த மாதிரி அங்கிருந்து ஆன்ட்வெர்ப் போனது.

நோய் பரவிய விதம்தான் முக்கியம். அந்த ஆஸ்பத்திரியில் காலையில் ஐந்து சிரிஞ்சுகளை எடுத்துக் கொடுப்பார்கள். புறநோயாளிகள், கர்ப்பிணிகள், வார்டு எல்லாவற்றுக்கும் அவையேதான். ஒருவருக்குப் போட்டதும் வெந்நீரில் அலசி அடுத்தவருக்கு. கொதிக்க வைப்பது, வைத்தால், நாள் முடிவில். 318 பேருக்கு நோய், 280 பேர் மரணம். ஊசி வழியாக மட்டுமே தொற்றியவர்களில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. 

1995-ல் காங்கோவின் கிக்விட் நகரில் குடல் ஓட்டை என்று நினைத்து ஒருவருக்கு அறுவை செய்தார்கள். அறுவைக் குழுவுக்கே நோய் வந்தது. அங்கே முயெம்பேயின் குழு, பிழைத்தவர்களின் ரத்தத்தில் நோயை எதிர்க்கும் ஆற்றல் இருக்கும் என்று அதை எட்டு நோயாளிகளுக்கு ஏற்றியது. ஏழு பேர் பிழைத்தார்கள். வெளிநாட்டு நிபுணர்கள் நம்பவில்லை. குறை சொன்னதில் நியாயமும் இருந்தது: ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழு இல்லை, ரத்தம் ஏற்றியது அறிகுறி தொடங்கி 4 முதல் 15 நாள் கழித்து. அத்தனை நாள் தாங்கியவர் ஏற்றாவிட்டாலும் பிழைத்திருக்கலாம் அல்லவா?

கிக்விட்டில் பிழைத்த ஒருவரிடம் பதினொரு ஆண்டுகள் கழித்து எடுத்த ரத்தத்திலிருந்துதான் எம்ஏபி114 என்ற ஆன்டிபாடி (வைரஸை எதிர்க்க உடல் உருவாக்கும் புரதம்) மருந்து பிறந்தது. அதையும் வேறு மூன்று மருந்துகளையும் 2018 நவம்பர் முதல் கிழக்குக் காங்கோவில், துப்பாக்கிச் சண்டைக்கு நடுவே, யாருக்கு எந்த மருந்து என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்து ஒப்பிட்டார்கள். முயெம்பே அந்தச் சோதனையின் தலைமை ஆய்வாளர்களில் ஒருவர். இம்முறை ஒப்பீட்டுக் குழு இருந்தது. ஒப்பீட்டுக்கு வைத்த இசட்மேப் என்ற மருந்தில் இறப்பு 49.7 சதவீதம், ரெம்டெசிவிரில் 53.1. எம்ஏபி114-ல் 35.1, ரீஜென்-ஈபி3-ல் 33.5. 2019 ஆகஸ்டில் முதல் இரண்டையும் நிறுத்தி, பின்னிரண்டை மட்டும் தொடர்ந்தார்கள்.

இந்த எண்களை எடுத்து எழுதுவோர் விட்டுவிடுவது ஒன்றுண்டு. ரத்தத்தில் வைரஸ் குறைவாக இருக்கும்போதே வந்தவர்களில் இவ்விரு மருந்துகளோடு இறந்தவர்கள் பத்தில் ஒருவர் அளவே. தாமதிக்கும் ஒவ்வொரு நாளும் சாவின் வாய்ப்பைக் கூட்டியது. சிகிச்சை முகாம் என்றால் சாகப்போகும் இடம் என்று பயந்து வீட்டிலேயே கிடந்தவர்களுக்கு மருந்து இருந்தும் பயனில்லை.

இப்படிக்கு,
நுண்ணுயிரியல் ஆசிரியர்கள், மதுரை