தம்பி, இந்தச் சனிக்கிழமையைச் சும்மா விடு

அன்புள்ள தம்பிக்கு,

உன் வீட்டுக் குளிர்பெட்டியில் ஒட்டியிருக்கும் அட்டவணையைப் போன வாரம் நின்று முழுசாகப் படித்தேன். சனிக்கிழமை காலை கணக்கு டியூஷன், மதியம் நீச்சல், மாலை அறிவியல். ஞாயிறு மாலைக்கு நேரே ‘விளையாட்டு, 45 நிமிடம்’ என்று எழுதியிருக்கிறாய். மணி பார்த்து விளையாடச் சொன்னால் எந்தப் பிள்ளைக்கு விளையாட்டு வரும்?

பாப்பாவுக்கு அடுத்த வருடம் பிஎஸ்எல்இ, தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு. உன் பயம் புரிகிறது. ஆனால் மதிப்பெண்ணே எல்லாம் என்ற எண்ணம் குறையட்டும் என்று நம் சிங்கப்பூர்க் கல்வி அமைச்சே 2023-க்குள் தொடக்கப்பள்ளி, உயர்நிலைப்பள்ளி எல்லாவற்றிலும் அரையாண்டுத் தேர்வை எடுத்துவிட்டது. அதில் மிச்சமான நேரத்தையும் டியூஷனுக்கே கொடுத்தால் எப்படி?

அவளுக்காக மட்டும் சொல்லவில்லை. உனக்கும்தான். அப்பா கப்பல் பட்டறையில் வேலை முடிந்து வந்து, நம் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் கேரம் ஆட உட்காருவாரே, ஞாபகம் இருக்கிறதா? சிவப்புக் காய் குழியில் விழுந்தால் அவர் போடும் சத்தம் நான்காம் மாடி வரை கேட்கும். வீட்டில் காசுக்குத் திண்டாடிய காலம் அது. கஷ்டம் தீரட்டும், அப்புறம் ஆடலாம் என்று அவர் காத்திருக்கவில்லை.

இந்தச் சனிக்கிழமை நாம் புலாவ் உபின் தீவுக்குப் போவோம். சாங்கி பாயிண்ட் படகுத்துறையில் அந்தப் படகுக்கு நேரக்கணக்கு கிடையாது. 12 பேர் சேர்ந்தால் கிளம்பும், அதுவரை பெஞ்சில் உட்கார வேண்டியதுதான். முன்பு பாப்பா என்னோடு வந்தபோது, சைக்கிள்காரர், தூண்டில் தாத்தா என்று ஒவ்வொருவராக எண்ணிக்கொண்டிருந்தாள். பதினோராவது ஆள் வந்ததும் உட்காரவே முடியவில்லை அவளால். கடைசியாக ஒரு பாட்டி காய்கறிப் பையோடு வந்து சேர, இவள் கை தட்டிக் குதித்தாள். பாட்டிக்கும் சிரிப்பு தாங்கவில்லை. 12 பேர் கட்டணத்தையும் நாமே கொடுத்தால் காத்திருக்காமல் கிளம்பலாம். தயவுசெய்து அதைச் செய்துவிடாதே.

காலையில் சாங்கி வில்லேஜ் உணவங்காடிக்கு வந்துவிடு, நாசி லெமாக், அதான் அந்தத் தேங்காய்ப்பால் சோறு, சாப்பிட்டுவிட்டுப் படகேறலாம். தீவில் சைக்கிள் வாடகைக்குக் கிடைக்கும். காட்டுப்பன்றிகள் திரியும் இடம், சாப்பாட்டுப் பையை மட்டும் பத்திரமாக வைத்துக்கொள். எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று கேட்காதே.

கணக்கு ஆசிரியரிடம் சொல்லத் தயக்கமாக இருந்தால் சொல், நான் பேசிக்கொள்கிறேன்.

அன்புடன்,
அக்கா