திம்புக்டுவுக்குச் சோறு போட்ட ஊர்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழில் மண் கட்டடங்கள் பற்றிய கட்டுரையோடு மாலி நாட்டு ஜென்னே மசூதியின் படத்தைப் பார்த்ததும் அவ்வளவு சந்தோஷம். ஆனால் படத்தின் கீழே 'பல நூற்றாண்டுப் பழமையான மசூதி' என்று போட்டிருந்தீர்கள். இப்போது நிற்கும் கட்டடம் 1907-ல் எழுந்தது. முன்பு அங்கிருந்த மசூதி 19-ஆம் நூற்றாண்டிலேயே கைவிடப்பட்டு இடிந்துபோனது.

அந்த ஊரின் உண்மையான பழமை சுமார் 3 கிலோமீட்டர் தள்ளி, ஜென்னே-ஜெனோ என்ற மேட்டில் இருக்கிறது. 1977 முதல் அங்கே அகழாய்வு நடந்தது. கி.மு. 250 வாக்கிலேயே மக்கள் குடியேறி, இரும்பு செய்து, நெல்லும் விளைவித்திருக்கிறார்கள். அது நம் நெல் அல்ல. ஆப்பிரிக்க விவசாயிகளே பழக்கி எடுத்த வேறு இனம். அரபு வணிகர்கள் வந்த பிறகுதான் மேற்கு ஆப்பிரிக்காவில் நகரங்கள் வந்தன என்று சொல்லிவந்ததை இந்த மேடு பொய்யாக்கியது. புவியியல் ஆசிரியராக இருந்த நான் வகுப்பில் இதைச் சொல்லத் தவறியதே இல்லை.

கட்டுரையில் ஆற்றைப் பற்றி ஒரு வரிகூட இல்லை என்பதுதான் என் பெரிய குறை. பானி ஆறு நைஜர் ஆற்றோடு சேருமுன் பரந்து விரியும் வெள்ளச் சமவெளியில் இருக்கிறது ஜென்னே. வெள்ளம் ஏறினால் ஊரே தீவுதான். அதனால்தான் மேடு பார்த்து வீடு கட்டினார்கள். சுற்றுவட்டாரத்தில் கல் கிடையாது, கிடைப்பது வண்டல் மண். அதில் உமி கலந்து ஊறவைத்து, வருடாவருடம் ஊர் கூடி மசூதிக்குப் பூசுகிறது. பையன்கள் சேறு மிதிக்க, பெண்கள் தண்ணீர் சுமக்க, கொத்தனார்கள் சுவரில் நீட்டிக்கொண்டிருக்கும் பனங்கம்புகளில் ஏறி நின்று பூசுகிறார்கள். அந்தக் கம்புகள் அலங்காரம் மட்டுமல்ல, நிரந்தரச் சாரமும் அவைதான்.

அப்புறம், திம்புக்டு. பாலைவன விளிம்பில் இருந்த அந்த நகரத்துக்குத் தானியம் படகேறிப் போனது ஜென்னே பக்கத்திலிருந்துதான். திரும்பும் படகில் சகாரா உப்பு வந்தது. திம்புக்டுவின் பெயர் உலகத்துக்கே தெரியும், சோறு போட்ட ஊரை யாருக்கும் தெரியவில்லை என்பது எனக்கு வருத்தம்தான்.

1988-ல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த ஜென்னே, நாட்டில் நிலவும் பாதுகாப்பின்மையால் 2016 முதல் ஆபத்திலுள்ள இடங்களின் பட்டியலில் இருக்கிறது. இதையாவது வாசகர்களுக்குச் சொல்லியிருக்கலாம். அடுத்த இதழில் ஒரு திருத்தம் போடுங்கள், கூடவே பானி ஆறு தெரிகிற மாதிரி ஒரு வரைபடமும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர் ஒருவர்