இரவை நீட்டிக் கொடு, வசந்தா

ஆகஸ்ட் 3

அன்புள்ள வசந்தா,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு நினைத்த வேலையே கிடைத்ததில் எனக்கு ரொம்ப சந்தோஷம். உனக்கும் ரத்த அழுத்தம் கட்டுக்குள் வந்துவிட்டது என்று எழுதியிருந்தாய். அதற்காக மாத்திரையை நீயாகக் குறைத்துவிடாதே. இங்கே எல்லாரும் சுகம். அவருக்குக் கண்புரை அறுவை முடிந்து, காலையில் பேப்பரைப் பிடித்தால் கடைசிப் பக்கம்வரை விடுவதில்லை. விசாலம் போனில் பேசினாள். பேரன் நடக்க ஆரம்பித்துவிட்டானாம், அவளால் அவன் பின்னால் ஓட முடியவில்லையாம். உன்னை ரொம்ப விசாரித்தாள்.

இனி சாமந்தி. கடிதத்தில் பாதிக்கு மேல் அதைப் பற்றித்தான் எழுதியிருந்தாய். போன வருஷம் மொட்டெல்லாம் அரும்பி, இதழ் பிரியும் நேரத்தில் உறைபனி விழுந்து ஒரே இரவில் கருகிப்போனதை நீ எழுதியிருந்த விதம் மனசைப் பிசைந்துவிட்டது. அதனால் இந்த முறை விரிவாகவே எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். செடியில் ஒரு குறையும் இல்லை. இலை கரும்பச்சை, தண்டு விரல் கனம், அடியிலிருந்தே நன்றாகக் கிளைத்திருக்கிறது. ஆனால் எந்தக் கிளை நுனியைப் பார்த்தாலும் தளிர்தான் விரிகிறது, அரும்பு ஒன்றுகூட இல்லை. உரம் போதவில்லையோ என்று கேட்டிருந்தாய். உரத்தில் குறையே இல்லை. பூக்க வேண்டிய காலம் வந்துவிட்டது என்கிற சேதி செடிக்கு இன்னும் போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான். அந்தச் சேதி மண் வழியாக வராது, இருட்டு வழியாகத்தான் வரும்.

நீ இருப்பது ஏறத்தாழ 50 டிகிரி வட அட்சரேகையில். அங்கே ஜூன் கடைசியில் பகல் 16 மணி நேரத்துக்கு மேல் நீளும். இப்போது, ஆகஸ்ட் தொடக்கத்திலும், 15 மணி நேரத்துக்குக் குறையாது. பகல் 13 மணி நேரத்துக்குக் கீழே இறங்க செப்டம்பர் இரண்டாம் வாரம் ஆகிவிடும். சாமந்திக்கு இரவு ஓர் அளவுக்கு நீண்டால்தான் மொட்டு எடுக்கத் தோன்றும். ரகத்துக்கு ரகம் அந்த அளவு மாறும், பகல் 13 மணி நேரத்துக்குக் கீழே போகும் நாளை நம் கணக்குக்கு வைத்துக்கொள்வோம். அங்கிருந்து பூ விரிய, சீக்கிரம் பூக்கும் ரகங்களுக்கு 6 முதல் 8 வாரம், தாமத ரகங்களுக்கு 12 வாரம், அதற்கு மேலும் ஆகும். செப்டம்பர் இரண்டாம் வாரத்தோடு 8 வாரத்தைக் கூட்டிப் பார். நவம்பர் வந்துவிடுகிறது. உன் ஊரில் அக்டோபர் தொடக்கத்திலேயே உறைபனி என்கிறாய். போன வருஷம் செடி எந்தத் தவறும் செய்யவில்லை, நீயும் செய்யவில்லை. அங்கே நாள்காட்டி அப்படி.

இதே சிக்கலில் இருந்துதான் இந்த அறிவே பிறந்தது என்று தெரிந்தபோது எனக்கு எவ்வளவு வியப்பாக இருந்தது தெரியுமா! அமெரிக்காவில் மேரிலாண்ட் மம்மத் என்று ஒரு புகையிலை ரகம். கோடை முழுக்க இலைக்கு மேல் இலையாக விட்டு ஆள் உயரத்தைத் தாண்டி வளரும், பூக்கவே பூக்காது. கடைசியில் பனி வந்து கொன்றுவிடும், விதையே கிடைக்காது. அதே செடியைக் கண்ணாடி வீட்டுக்குள் குளிர்காலத்தில் வைத்தால் சின்னதாக இருக்கும்போதே பூத்துவிடும். வேளாண்மைத் துறையில் வேலை பார்த்த கார்னர், அல்லார்ட் என்ற இரண்டு பேர் இதைப் பிடித்துக்கொண்டார்கள். வெப்பம், ஈரம், உரம் என்று ஒவ்வொன்றாகப் பார்த்துத் தள்ளிவிட்டு, 1918 கோடையில் வெளிச்சம் புகாத சின்னக் கொட்டகை ஒன்று போட்டு, செடிகளைத் தினமும் சாயங்காலத்துக்கு முன்பே உள்ளே கொண்டுபோய், காலையில் தாமதமாக வெளியே எடுத்தார்கள். நடுக்கோடையில் புகையிலை பூத்தது. 1920இல் அதை எழுதி வெளியிட்டார்கள்.

அவர்களுக்கும் முன்னால் பாரிஸில் ஜூலியன் துர்னுவா என்று ஓர் இளைஞர், கஞ்சாச் செடியிலும், பீர் காய்ச்சச் சேர்க்கும் ஹாப்ஸ் கொடியிலும் இதையே கண்டிருந்தார். குளிர்காலத்தில் விதைத்தால் இரண்டும் முளைத்த கொஞ்ச நாளிலேயே, விரல் நீளச் செடியாக இருக்கும்போதே பூத்தன. பகல் குறைவதைவிட இரவு நீள்வதுதான் காரணம் என்று 1914இல் எழுதினார். அதே வருஷம் உலகப்போரில் உயிரை விட்டார். அவர் இருந்திருந்தால் இந்தத் துறையே சில வருஷம் முன்னால் நகர்ந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

அவர் சொன்னது சரிதான் என்பதை 1938இல் ஹாம்னர், பானர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் மருளூமத்தை என்ற களைச்செடியை வைத்துக் காட்டினார்கள். பகலுக்கு நடுவே கொஞ்ச நேரம் இருட்டில் வைத்தால் செடி கண்டுகொள்வதில்லை. நீண்ட இரவுக்கு நடுவே சில நிமிடம் வெளிச்சம் காட்டினால் பூப்பது நின்றுவிடுகிறது. ஆக, செடி அளப்பது இரவை. அதிலும் உடையாத இரவை. உன் தோட்டத்துக்கு இதில் ஒரு முக்கியமான சேதி இருக்கிறது, அதற்குக் கீழே வருகிறேன்.

இப்போது நீ செய்ய வேண்டியது. செடிக்கு இரவை நீட்டிக் கொடு. மாலை 6 மணிக்கு மூடு, காலை 8 மணிக்குத் திற. இந்த வாரமே ஆரம்பித்தால் செப்டம்பர் கடைசியில் பூ பார்க்கலாம். உன் ரகம் சீக்கிரம் பூப்பதாக இருந்தால் இன்னும் முன்னாலேயே வரும். போன வருஷம் மொட்டு எப்போது வந்தது, விரிய எத்தனை வாரம் பிடித்தது என்று நினைவிருந்தால் எழுது, கணக்கைச் சரிபார்த்துவிடலாம்.

நான்கு மூலையிலும் கழி ஊன்றி, செடியைவிட ஒரு சாண் உயரத்தில் சட்டம் கட்டு. துணியைச் செடி மேல் நேரே போர்த்தாதே. இலையில் துணி ஒட்டினால் ஈரம் தங்கிப் பூஞ்சணம் பிடிக்கும், நுனியும் ஒடியும். கனமான கறுப்புத் துணி இரண்டு மடிப்பாகப் போதும். பிளாஸ்டிக் தார்ப்பாயாக இருந்தால் உள்ளே வியர்த்துக் கொட்டும், அதனால் துணிதான் நல்லது. மூடிய பிறகு, வெளியே இன்னும் வெயில் இருக்கும்போதே, நீ தலையை உள்ளே விட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே இரு. கண் பழகியதும் உன் விரல்கள் தெரிந்தால் துணி போதாது. தையல் ஓட்டை, தரையோடு சேரும் விளிம்பு, இந்த இரண்டு இடத்தில்தான் வெளிச்சம் நுழையும். விளிம்பில் செங்கல் வைத்து அழுத்திவிடு.

செடியின் மேல்பாகத்தை மட்டும் மூடினால் போதாதா, அடியில் கொஞ்சம் வெளிச்சம் பட்டால் என்ன என்று தோன்றும். பட்டால் கெடும். இரவை அளப்பது மொட்டு வரும் நுனி அல்ல, இலைகள். 1930களில் ரஷ்யாவில் சைலாக்கியான் என்ற அறிவியலாளர் இதைச் சாமந்தியில்தான் கண்டார். நுனியின் இலைகளைக் கிள்ளிவிட்டு அதை நீண்ட பகலில் விட்டு, கீழ் இலைகளுக்கு மட்டும் நீண்ட இரவு கொடுத்தார். செடி பூத்தது. இலையில் உண்டாகும் ஏதோ ஒன்று தண்டு வழியே ஏறி நுனியைப் பூக்கச் சொல்கிறது என்று அவர் சொன்னார். அது ஒரு புரதம் என்று உறுதியாக 2007 ஆனது. எழுபது வருஷம்! நம் கையால் தொட்டுத் தடவும் இலைக்குள் இத்தனை நடக்கிறது.

வெயில் குறைந்து செடி இளைத்துப்போகும் என்று பயப்படாதே. பத்து மணி நேர நேரடி வெயில் அதற்குத் தாராளம். நீ பயப்பட வேண்டியது சூட்டுக்குத்தான். கறுப்புத் துணிக்குள் மாலை வெயில் தேங்கினால் உள்ளே கொதிக்கும், சாமந்திக்கு இரவில் சூடு அதிகமானால் மொட்டு தாமதமாகும். வெயில் கடுமையான நாளில் 7 மணிக்கு மூடி 9 மணிக்குத் திற. மொத்த இருட்டு குறையாமல் இருந்தால் சரி. நன்றாக இருட்டிய பிறகு துணியை எடுத்துக் காற்றாட விட்டு, விடிவதற்கு முன் மறுபடி மூடுகிறவர்களும் உண்டு. உனக்கு அந்தத் தொல்லை வேண்டாம், தூக்கம் கெடும்.

மேலே சொல்வதாக விட்ட சேதி இதுதான். உன் படத்தில் செடிக்குப் பின்னால், வாசல் சுவரில், ஒரு விளக்கு தெரிந்தது. அது இரவு முழுக்க எரிகிறதா? யாராவது நடந்தால் தானாக எரியும் வகையா? பூ வளர்ப்பவர்கள், சாமந்தி சீக்கிரம் பூத்துவிடக் கூடாது என்றால் என்ன செய்வார்கள் தெரியுமா? இரவு 10 மணியிலிருந்து 2 மணிவரை விளக்குப் போட்டு வைப்பார்கள். இரவு இரண்டு துண்டாகிவிடும், செடி இது கோடை என்றே நம்பித் தழைத்துக்கொண்டு இருக்கும். உன் வாசல் விளக்கு உனக்குத் தெரியாமலேயே அந்த வேலையைச் செய்துகொண்டிருக்கலாம். துணி போட்டிருக்கும்வரை பிரச்சினை இல்லை. ஆனாலும் விளக்கைத் திருப்பி வைத்துவிடு, தெருவிளக்குப் படும் பக்கம் என்றால் தொட்டியை நகர்த்து. நிலா வெளிச்சத்தைப் பற்றிக் கவலைப்படாதே, அது அவ்வளவு பலமில்லை.

ஒரு நாளும் விடாமல் மூடுவதுதான் இதில் கஷ்டமான பகுதி. மருளூமத்தைக்கு ஒரே ஒரு நீண்ட இரவு போதும், பூத்துவிடும். சாமந்தி அப்படி இல்லை. தொடர்ந்து பல இரவுகள் வேண்டும், நடுவில் விட்ட ஒவ்வோர் இரவுக்கும் பூ தள்ளிப்போகும். ஊருக்குப் போவதாக இருந்தால் பக்கத்து வீட்டாரிடம் பொறுப்பை ஒப்படைத்துவிட்டுப் போ. நீ சொன்னால் செய்யக்கூடிய பெண் ஒருத்தி இருக்கிறாள் என்று எழுதியிருந்தாயே, அவளுக்கே சொல்லிவை.

மூன்று நான்கு வாரத்தில் மாற்றம் தெரியும். முதலில் நுனி இலைகள் சிறுக்கும். அவற்றின் நடுவே, வழக்கமாகக் கூம்பிய தளிர் இருக்கும் இடத்தில், தட்டையாக, பச்சையாக, சட்டைப் பொத்தான் மாதிரி ஒன்று உட்கார்ந்திருக்கும். விரலால் தடவினால் தளிரின் மென்மை இருக்காது, உருண்டையாகக் கெட்டியாக இருக்கும். அதுதான் மொட்டு. அதைப் பார்த்ததும் துணியை எடுத்துவிடாதே! நிறைய பேர் அங்கேதான் ஏமாறுகிறார்கள். மொட்டு உருவாவதற்கு மட்டுமல்ல, அது வளர்ந்து திரள்வதற்கும் நீண்ட இரவு வேண்டும். நடுவில் விட்டால் மொட்டு அப்படியே நின்றுபோய் அதைச் சுற்றிப் புதுத் தளிர் கிளம்பும். இதழின் நிறம் எட்டிப் பார்க்கும்வரை மூடு. அதற்குள் செப்டம்பரும் நடுவுக்கு வந்துவிடும், நாளொன்றுக்கு மூன்றரை நிமிடத்துக்கு மேல் பகல் தானாகவே குறைந்துகொண்டிருக்கும், பிறகு இயற்கை பார்த்துக்கொள்ளும்.

கிளை நுனி கிள்ளுவதை இப்போதே நிறுத்திவிடு. இனிமேல் கிள்ளுவது மொட்டைக் கிள்ளுவதுதான். தழைச்சத்து உரத்தையும் குறைத்துக்கொள். தண்ணீரைக் காலையில், துணியை எடுத்த பிறகு, வேரில் ஊற்று. சாயங்காலம் இலை நனைந்திருக்க மூடக் கூடாது. தளிரைத் திருப்பிப் பார்த்து அசுவினி இருந்தால் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவு. மொட்டுக்குள் புகுந்துவிட்டால் விரட்டுவது கஷ்டம்.

அடுத்த வருஷத்துக்கும் ஒன்று சொல்கிறேன். உன் ரகம் தாமதமாகப் பூப்பதாக இருந்தால் இத்தனை பாடும் அதனால் வருவதுதான். உன் ஊர் மாதிரி இடங்களுக்கென்றே சீக்கிரம் பூக்கும் ரகங்கள் இருக்கின்றன. வாங்கும்போது நிறத்தை மட்டும் பார்க்காமல், எத்தனை வாரத்தில் பூக்கும் என்று கேட்டு வாங்கு. ஆனால் உன் அம்மா விரும்பிய அந்த மஞ்சள்தான் வேண்டும் என்று நீ சொல்வாய், அது எனக்குத் தெரியும். அப்படியானால் துணியும் சட்டமும் உன்னோடு இருக்கட்டும், வருஷா வருஷம் ஜூலைக் கடைசியில் எடுத்துக்கொள்ளலாம். அந்தச் சிரமம் தகும் என்றே நினைக்கிறேன்.

வேறென்ன? விசாலம் டிசம்பரில் நம் மூவரும் எங்காவது கூட வேண்டும் என்கிறாள். நீ வர முடியுமா என்று முதலில் அவளுக்குப் பதில் எழுது, அவள் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். எனக்கு எழுதும்போது வாசல் விளக்கு எப்படிப்பட்டது என்று மறக்காமல் சொல். போன வருஷக் கணக்கையும் எழுது. தலையை உள்ளே விட்டுப் பார்த்தபோது விரல் தெரிந்ததா இல்லையா என்பதையும் கூட.

அன்புடன்,
கோமதி