பாமினியில் அடித்த அறிக்கை

உப்புவெளி,
திருகோணமலை.

அன்புள்ள யோகன்,

கடிதமும் கோப்பும் கிடைத்தன. வீட்டில் எல்லாரும் சுகம். இங்கே கச்சான் காற்று தொடங்கிவிட்டது, மத்தியானத்தில் வெளியே இறங்க முடியாத வெக்கை. கடல் மட்டும் குளம் மாதிரிக் கிடக்கிறது.

சனசமூக நிலைய அறிக்கையை வேர்ட் கோப்பாகத்தானே அனுப்பினோம், பார்வையற்ற உறுப்பினர்கள் ஏன் வாசிக்க முடியவில்லை என்கிறார்கள் என்று கேட்டிருந்தாய். திறந்த உடனேயே காரணம் தெரிந்துவிட்டது. முழுவதும் பாமினியில் அடித்திருக்கிறீர்கள். பாமினி ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் உருவம் போட்டுக் காட்டும் எழுத்துரு. திரையில் ‘அம்மா’ என்று தெரிந்தாலும் கோப்புக்குள் இருப்பது ஆங்கில எழுத்துத்தான். திரையில் உள்ளதைக் குரலில் வாசிக்கும் என்விடிஏ திரைவாசிப்பானைப் போட்டு அம்புக்குறியால் ஒவ்வோர் எழுத்தாக நகர்ந்து பார், ‘எம், கே, செமி, கே, எச்’ என்று சொல்லும். அவர்களுக்கு உங்கள் அறிக்கை முப்பது பக்கமும் இப்படித்தான் கேட்டிருக்கும். எழுத்துருவை மட்டும் லதா போன்ற இன்னொரு தமிழ் எழுத்துருவுக்கு மாற்றினால் சரிவராது, எழுத்தையே, தமிழைத் தமிழாகவே கோப்பில் வைக்கும் யூனிகோடுக்கு மாற்ற வேண்டும்.

என்எச்எம் கன்வேர்ட்டர் போன்ற மாற்றி ஒன்று போதும். முதலில் மூலக்கோப்பைப் பிரதி எடுத்து வை. முழுக் கோப்பையும் ஒரேயடியாக மாற்றிவிடாதே. இடையில் டைம்ஸ் நியூ ரோமனில் இருக்கும் ஆங்கிலச் சொற்களும் தமிழாகிக் குழம்பும். பந்தி பந்தியாக, பாமினியில் உள்ளதை மட்டும் எடுத்து மாற்று. இலக்கங்களில்தான் மிகக் கவனம் வேண்டும். பாமினியில் காற்புள்ளி விசைதான் ‘இ’. அதனால் வேறு எழுத்துருவில் அடித்த ‘2,500’ மாற்றியபின் ‘2இ500’ ஆகிவிடும். பொருளாளரின் கணக்கறிக்கையில் இது வரிக்கு வரி வரும். வேர்டில் கண்டுபிடி–மாற்று பெட்டியைத் திறந்து, வைல்ட்காட் தெரிவைப் போட்டு, தேடும் இடத்தில் ([0-9])இ([0-9]) என்றும் மாற்றும் இடத்தில் \1,\2 என்றும் கொடுத்தால் சரியாகும். ‘ஔவையார்’ என்பதை ஒ, ள என இரண்டு எழுத்தாக அடித்திருந்தால் கண்ணுக்குத் தெரியாது, காதுக்கு உடனே தெரியும். அதையும் ஒருமுறை தேடிப் பார்.

தட்டச்சு செய்யும் பிள்ளை புது விசைப்பலகை பழக வேண்டுமே என்று யோசிக்காதே. என்எச்எம் ரைட்டர் என்ற தட்டச்சு மென்பொருளில் பாமினி விசை அமைப்பே இருக்கிறது. விரல் பழைய இடத்திலேயே போகும், விழும் எழுத்து யூனிகோடாக இருக்கும்.

எழுத்து சரியானபின் தலைப்புகளுக்கு வா. நீ தடிப்பாக்கி 16 புள்ளியில் பெருப்பித்திருக்கிறாய். கண்ணுக்கு அது தலைப்பு, திரைவாசிப்பானுக்கு அது இன்னொரு பந்தி. வரியில் நின்று கொன்ட்ரோல், ஆல்ட், 1 மூன்றையும் அழுத்து, உபதலைப்புக்கு 2. லிப்ரேஆபிஸ் என்றால் கொன்ட்ரோலும் இலக்கமும் போதும். அப்படிச் செய்தால் பார்வையற்றவர் வேர்டில் என்விடிஏ விசையோடு (வழக்கமாக இன்சேர்ட்) ஸ்பேஸைத் தட்டி, பிறகு எச் விசையைத் தட்டத் தட்டத் தலைப்புக்குத் தலைப்பு பாயலாம். என்விடிஏ விசையோடு எப் 7 அழுத்தினால் தலைப்புகள் முழுவதும் பட்டியலாக வரும். கணக்கறிக்கையைத் தேடி முப்பது பக்கத்தையும் முதலிலிருந்து கேட்கும் தொல்லை அதோடு போய்விடும்.

அங்கத்துவப் படிவத்தைப் பார்க்கத்தான் எனக்கு மனவருத்தமாக இருந்தது. ‘பெயர்’ என்று போட்டு ஒரு வரி நிறையப் புள்ளி. பார்வையற்றவர் அதற்குள் எழுதத் தொடங்கினால் புள்ளிகள் வலப்பக்கம் தள்ளுப்பட்டு அடுத்த வரிக்கு இறங்கும். எங்கே கேள்வி முடிந்தது, எங்கே தன் விடை நிற்கிறது என்று அவருக்குப் பிடிபடாது. கடைசியில் வேறு யாரையாவது கூப்பிட்டுத் தன் அடையாள அட்டை இலக்கத்தைச் சொல்லி நிரப்ப வேண்டிவரும். அது அவருடைய சொந்த விபரம், யோகன். இரண்டு நிரல் அட்டவணை போடு, இடப்பக்கம் கேள்வி, வலப்பக்கம் வெறும் கட்டம். டாப் விசையைத் தட்டினால் அடுத்த கட்டம். கட்டங்களை ஒன்றாக இணைத்துவிடாதே, நிரல் கணக்குக் குழம்பும்.

சுற்றறிக்கை மூன்று மொழியிலும் இருந்தால் ஒவ்வொரு பகுதியையும் தெரிவுசெய்து, ரிவியூ பட்டியில் மொழியைக் குறித்துவிடு. என்விடிஏயில் மொழிக்கேற்பத் தானாக மாறும் தெரிவைப் போட்டிருந்தால் அது அதற்கேற்பக் குரலை மாற்றும். என்விடிஏயோடு வரும் ஈஸ்பீக் என்ற குரல் மென்பொருளில் தமிழும் சிங்களமும் இருக்கின்றன. அந்தத் தமிழ் இரும்புக்குரல் பிடிக்காதவர்கள் விண்டோஸ் அமைப்பில் ‘வள்ளுவர்’ என்ற தமிழ்க் குரலை இறக்கிக்கொள்ளலாம்.

பிடிஎப் ஆக்கும்போது ‘பிரின்ட் டு பிடிஎப்’ வழியால் போகாதே, போட்ட தலைப்பெல்லாம் அழிந்துபோகும். ‘சேவ் ஆஸ்’ போய், ஒப்ஷன்ஸுக்குள் ஆவணக் கட்டமைப்புக் குறிகளுக்கான பெட்டியில் சரி போடப்பட்டிருக்கிறதா என்று பார். தலைவர் கையெழுத்திட்ட பக்கத்தை ஸ்கான் செய்தால் அது வெறும் படம். அனுப்பத்தான் வேண்டுமென்றால் வேர்ட் கோப்பையும் கூடவே அனுப்பு.

முதலில் கணக்கறிக்கையை மட்டும் மாற்றி எனக்கு அனுப்பு. ஒருமுறை முழுவதும் காதால் கேட்டுவிட்டு, பிசகிய வரிகளைக் குறித்து அனுப்புகிறேன். பொதுக்கூட்டத்துக்கு இன்னும் மூன்று கிழமை இருக்கிறதுதானே.

அன்புடன்,
சிவம்