‘ஸ்பீட்’ கலைந்தது ஏன்?

ஆசிரியர் அவர்களுக்கு,

சிறுமியர் பாப் குழு ஒன்று கலைந்தால் ‘பிள்ளைகளுக்குள் சண்டை’ என்று எழுதிவிடுகிறோம். ஜப்பானின் ‘ஸ்பீட்’ குழுவைக் கவனித்தால் அது எவ்வளவு மேலோட்டமானது என்று புரியும்.

ஒகினாவாவின் நடிப்புப் பயிற்சிப் பள்ளியில் உருவான நால்வர் அவர்கள். 1996 ஆகஸ்டில் முதல் பாடல் வந்தபோது ஹிரோகோவுக்கும் எரிகோவுக்கும் வயது 12, தகாகோவுக்கு 13, ஹிதோஎவுக்கு 15. மறு ஆண்டே ஒரு பாடல் பத்து லட்சம் பிரதிகளைத் தாண்டியது.

பாட்டுச் சுமையில் பெரும்பங்கு வயதில் இளைய இருவர் மீது. 12 வயதுக் குரலுக்கு அமைத்த உச்ச ஸ்தாயியையே 15 வயதிலும் மேடையில் பாட வேண்டும். வளரும் பெண்பிள்ளைகளின் குரலும் மாறும். சுருதியை அரைக்கட்டையாவது இறக்காவிட்டால் தொண்டைதான் பாடுபடும்.

நேரக் கணக்கு இன்னும் முக்கியம். ஜப்பானியச் சட்டப்படி, நடிக்க அனுமதி பெற்ற சிறாருக்குப் பள்ளி நேரமும் சேர்த்தே நாளுக்கு 7 மணிநேரம்தான் வேலை. ஆனால் 1988இல் தொழிலாளர் அமைச்சகம் விட்ட சுற்றறிக்கை, வேறொருவரால் ஈடுசெய்ய முடியாத புகழும், மணிக்கணக்கில் அமையாத சம்பளமும் உள்ள கலைஞர் சில நிபந்தனைகளுக்கு உட்பட்டால் ‘தொழிலாளி’ அல்ல என்றது. ஆக, புகழ் ஏற ஏறப் பாதுகாப்பு குறைய வழி திறந்தது. இது கொடுமை.

1999இல் தனிப் பாடல்கள் வரத் தொடங்கின. அக்டோபரில் கலைப்பு அறிவிப்பு. 2000 மார்ச் 31இல் முடிந்தது. மூத்தவருக்கே அப்போது 18தான்.

சிறார் குழுக்களைப் பற்றி எழுதும் தங்கள் நிருபர்கள் பாட்டின் சுருதி, வேலை நேரம், ஒப்பந்தத்தின் வகை (அதன்படி அவர்கள் ‘தொழிலாளி’தானா என்பது) மூன்றையும் கேட்டு எழுத வேண்டுகிறோம்.

– இசைப் பயிற்றுநர்கள் சிலர், மதுரை