செயலாளரின் ஆண்டறிக்கை: காட்டிலும் வயலிலும் வண்ணத்துப்பூச்சிகள்

தலைவர் அவர்களுக்கும் நிர்வாகக் குழுவினருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நிர்வாகக் குழுக் கூட்டங்கள் முறைப்படி நடந்தன. தீர்மானங்கள் பதிவேட்டில் உள்ளன. அவற்றை வாசித்து உங்கள் நேரத்தை எடுத்துக்கொள்ளவில்லை. வண்ணத்துப்பூச்சிக் கணக்கெடுப்பைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கிறது.

காட்டுக்குள் ஒன்று, காட்டோர மரத்தோப்பில் ஒன்று, திறந்த வயலில் ஒன்று என மூன்று தடங்களில் நடந்தோம். ஒரே பாதை, ஒரே சீரான நடை, 5 மீட்டருக்குள் தெரிவதை மட்டும் குறிப்பது. பிரிட்டனில் 1976 முதல் நடந்துவரும் கணக்கெடுப்புக்காக சூழலியலாளர் எர்னி பொல்லார்ட் வகுத்த முறை இது. மேகமூட்டத்தில் கிளம்பி வெறுங்கையோடு திரும்பிய உறுப்பினர்களுக்கு ஒரு வார்த்தை: வெயில் ஏறாமல் வண்ணத்துப்பூச்சி பறக்காது.

வயல் தடத்தின் பதிவுத் தாள்கள் நிரம்பி வழிந்தன. காட்டுத் தாள்களில் பாதி காலி. "வயலில்தானே அதிகம் இருக்கிறது?" என்று இடைக்காலக் கூட்டத்தில் கேட்டார்கள். தலைகளை மட்டும் எண்ணினால் அது சரிதான். ஆனால் அந்தத் தலைகள் யாருடையவை? பெரும்பாலும் எலுமிச்சை அழகியும் வெந்தய வரியனும். முன்னதற்கு எலுமிச்சைக் குடும்பச் செடிகளும், பின்னதற்கு எருக்கும் கிடைத்துவிட்டால் போதும், எங்கும் பிழைத்துக்கொள்ளும். ஆசியாவைச் சேர்ந்த எலுமிச்சை அழகி 2004இல் கரீபியன் கடலில் உள்ள டொமினிக்கன் குடியரசிலேயே தென்பட்டது. அதை நாம் காப்பாற்ற வேண்டிய தேவை இல்லை.

காட்டுத் தாளில் ஒவ்வொன்றாக வருபவைதான் கவலைக்குரியவை. நிழலை விட்டு வெளியே வராதவை, ஒரே ஒரு வகைச் செடியில் மட்டும் முட்டையிடுபவை. சிங்கப்பூரில் இயற்கைக் காடு 95 சதவீதத்துக்கும் மேல் அழிந்தது; அங்கே பதிவாகியிருந்த வண்ணத்துப்பூச்சி இனங்களில் ஏறத்தாழ 38 சதவீதம் மறைந்துவிட்டன என்று 2003இல் வந்த ஆய்வு சொல்கிறது. புழுவுக்கு ஒரே செடியை நம்பியிருந்த இனங்களும் காட்டை விட்டு நகராத இனங்களும்தான் முதலில் அடிபட்டன.

காட்டுத் தாள் காலியாக இருப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பல இனங்கள் உச்சிக் கிளைகளிலேயே வாழ்பவை. கீழே நடக்கும் நம் கண்ணில் படுவதில்லை. மரம் வெட்டித் திறந்துவிட்ட இடத்தில் அவையே தரைமட்டத்துக்கு இறங்கிவிடும். அதைப் பார்த்து, வெட்டிய காட்டில் வளம் பெருகிவிட்டது என்று எழுதிவிடக் கூடாது. எனவே அழுகிய வாழைப்பழம் வைத்து வண்ணத்துப்பூச்சிகளைப் பிடிக்கும் வலைக்கூண்டுகளை அடுத்த ஆண்டு கீழே ஒன்று, உச்சியில் ஒன்று எனக் கட்ட வேண்டும். கயிறு ஏற்றத் தெரிந்தவர்கள் பெயர் கொடுக்கவும்.

மரத்தோப்புத் தடம் இரண்டுக்கும் நடுவில் நின்றது. மேலே நிழல் மரம் விட்டு, கீழே காபியோ கோகோவோ வளர்க்கும் தோட்டத்தில் காட்டு இனங்கள் சில தங்கும். ஒரே பயிரான எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் அந்த வாய்ப்பு மிகக் குறைவு.

பூச்செடி நடும் திட்டம் பற்றி உறுப்பினர்களிடையே கருத்து வேறுபாடு உள்ளது. என் கருத்தை மறைக்கவில்லை: தேன் கொடுக்கும் பூவை விட, புழு தின்னும் இலைதான் முக்கியம். உண்ணிச்செடியின் பூவில் எத்தனை வந்து மொய்த்தாலும், அதன் இலையில் அவற்றின் புழு வளர்வதில்லை. வேலியைச் சுத்தம் செய்கிறோம் என்று ஈசுவரமூலிக் கொடியை அறுத்தால் ரோஜா அழகி வண்ணத்துப்பூச்சிக்கு முட்டையிட இடமிருக்காது.

நாற்றங்கால் வைத்திருக்கும் உறுப்பினர் ஒருவர், எலுமிச்சைக் கன்றுகளை எலுமிச்சை அழகியின் புழு மொட்டையடிக்கிறது என்று முறையிட்டார். நேரில் போய்ப் பார்த்தோம். இளம்புழு பறவை எச்சம் போலவே இலைமேல் கிடந்தது. வளர்ந்த பச்சைப் புழுவைத் தொட்டதும், தலைக்குப் பின்னாலிருந்து செம்மஞ்சள் நிறத்தில் இரட்டைக் கொம்பு நீண்டு, நெடி அடித்தது. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஓரத்தில் சில செடிகளைப் புழுவுக்கென்று மருந்தடிக்காமல் விடுவதாகப் பிறகு ஒப்புக்கொண்டார்.

அடுத்த ஆண்டு மொத்த எண்ணிக்கையோடு, எந்தெந்த இனம் எந்தத் தடத்தில் மட்டும் கிடைத்தது என்பதற்குத் தனிப் பத்தி சேர்த்த புதிய தாள்கள் வழங்கப்படும். பழைய தாளில் எழுதுவோர் தயவுசெய்து நிறுத்தவும்.

வரவு செலவைப் பொருளாளர் சமர்ப்பிப்பார். இவ்வறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்